மூன்று சுவரும் ஒரு கடலும்

சுபைதாவின் குசினி ஜன்னலுக்கு வெளியே கிடந்த கடலுக்கு நாற்பத்தெட்டு இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா என்று விலை சொன்னார்கள்.

அபூதாஹிருக்குக் கோபம் வந்தது. குறைத்துச் சொல்கிறார்களே என்ற கோபம்.

திருகோணமலைச் சந்தைப் பக்கத்தில் வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்று முப்பது வருடம் பிழைத்த மனிதர் அவர். முதலில் சொல்லும் விலையை அவர் விலையாகவே எடுப்பதில்லை. அது பேச்சைத் தொடங்குவதற்காகப் போடும் ஒரு செருமல். நிலாவெளியிலிருந்து வரும் கரைவலைக்காரர் வலையைத் தொட்டுப் பார்த்து, மூக்கைச் சுளித்து, வெளியே போய், பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்று, திரும்பி வந்தால்தான் வியாபாரம் தொடங்கியதாக அர்த்தம். வாங்க வந்தவன் குறை சொல்லவேண்டும், விற்கிறவன் புகழவேண்டும். அந்த முறையை நம்பித்தான் அவர் அன்று மோசம் போனார்.

வந்தவர்கள் இரண்டு பேர். தேசிய கரையோரக் காட்சிவள மதிப்பீட்டு அதிகார சபை என்று வாகனத்தின் கதவில் எழுதியிருந்தது. கதவு போதாமல் கடைசிச் சொல் பின்சில்லுக்கு மேலே ஏறியிருந்தது. ஊர் அதற்கு அழகுக் கந்தோர் என்று பெயர் வைத்து வேலையைச் சுருக்கிக்கொண்டது. பிராந்தியப் பணிப்பாளர் பாக்கியரத்தினம் கழுத்துப்பட்டியோடு வந்தார். அவருக்குப் பின்னால் வெளிக்கள உத்தியோகத்தர் லோஜினி, கையில் தட்டித் தட்டிப் பதிகிற பலகைக் கணினியோடு வந்தாள்.

பாக்கியரத்தினம் குசினிக்குள் நுழைந்து, பையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் சட்டத்தை எடுத்தார். படத்துக்குப் போடுகிற சட்டம் மாதிரி, கண்ணாடி இல்லாதது. அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"இரண்டு நிமிசம் ஒருத்தரும் கதைக்கக்கூடாது. காட்சி அமர வேணும்."

குசினியில் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அடுப்பில் சுபைதாவின் மீனாணம் மட்டும் சட்டத்தை மதிக்காமல் கொதித்தது. காட்சி அமர்ந்ததும் பாக்கியரத்தினம் விலையைச் சொன்னார்.

"நாற்பத்தெட்டு ஐம்பதா?" அபூதாஹிர் சிரித்தார். "சேர், நீங்க பகல் பன்னெண்டு மணிக்கு வந்திரிக்கீங்க. இந்நேரம் எந்தக் கடலும் நல்லா இரிக்காது. பின்னேரத்தில வந்து பாருங்க. கப்பல் எல்லாம் லைட் போடும். தண்ணி பொன் மாதிரிக் கிடக்கும்."

லோஜினி தட்டினாள். "பின்னேர ஒளி. நாலு புள்ளி."

"மூதூர் லோஞ்ச் தண்ணிய வெட்டிக்கொண்டு வரக்குள்ள ஒரு கோடு விழும் பாருங்க, வெள்ளைக் கோடு. நைலோன் நூல் தோத்துப் போகும். எதிர்க்கரையில குன்று. குன்றுக்கு மேல நிலா. நாற்பத்தெட்டுக்கு நிலா இல்லாமத்தான் குடுக்கலாம்."

அப்போது பார்த்து வளவுக்குள் ஒரு புள்ளிமான் வந்தது. நகரத்தில் திரிகிற மான்தான். சுபைதாவின் கறிவேப்பிலை மரத்தை மாதாமாதம் மொட்டையடிக்கும் அதே மான். அபூதாஹிர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அதுவும் இந்தச் சாமானோட சேர்த்திதான் சேர்."

உண்மையில் அவர் அந்த ஜன்னலால் கடலைப் பார்த்ததே கிடையாது. விடியச் சுபஹு தொழுதுவிட்டுக் கடைக்குப் போனால், திரும்பிவரக் கடல் இருட்டுக்குள் போயிருக்கும். பின்னேரப் பொன்னும் வெள்ளைக் கோடும் வாடிக்கையாளர் வாயிலிருந்து எடுத்தவை. விற்கிற சாமானைப் பாவித்துப் பார்த்துத்தான் விற்கவேண்டுமென்று எந்தக் கடையிலும் சட்டம் இல்லை.

கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற சுபைதா இருமினாள். அது நிறுத்துங்கள் என்கிற இருமல். அபூதாஹிர் அதை இன்னும் ஏற்றுங்கள் என்று விளங்கிக்கொண்டார். அரைமணி நேரத்தில் கடல் அறுபத்திரண்டு இலட்சத்துக்கு வந்து நின்றது. பாக்கியரத்தினம் ஒரு தாளை நீட்டினார்.

"உரிமையாளர் கூற்று. ஒப்பற்ற காட்சி என்று நீங்களே சொன்னதாக."

லோஜினி குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, கையெழுத்து வைக்க முதல் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்."

"விலை பேசி முடிஞ்ச பிறகு வாசிக்கிறது மரியாதை இல்ல மகள்" என்று சொல்லி அபூதாஹிர் கையெழுத்து வைத்தார்.

பக்கத்து வீட்டில் தம்பிராசா இருந்தார். கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டுக்கும் அதே கடல், அதே குன்று, மானும் முதலில் அவர் வேலியைத்தான் தாண்டி வரும். சட்டத்தோடு வந்தவர்களைக் கண்டதும் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"கடலோ? எந்தக் கடல் தம்பி? எனக்குக் கண்ணில வெள்ளை படர்ந்து கனகாலம்."

காட்சி இல்லை என்று பதிந்துகொண்டு போனார்கள். அபூதாஹிர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவருக்காக மெய்யாகவே பரிதாபப்பட்டார். இத்தனை வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்த மனிதருக்கு ஒரு சாமானைச் சொல்லி விற்கத் தெரியவில்லையே.

அறுபத்திரண்டு இலட்சமும் அவர் மனதில் அன்றே செலவாகிவிட்டது. மகள் றிஷானாவுக்குக் கிண்ணியாவில் ஸஜ்ஜாத் என்ற மாப்பிள்ளை பேசியிருந்தது. லொறி ஓடுகிற பொடியன், வாய் குறைவு, கை சுத்தம். கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும். அந்தப் பக்கத்து முறை அதுதான். பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, புருஷன்தான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். வரும்போது அவனுக்கென்று ஒரு வாசல், ஒரு அறை, பூட்டுகிற ஒரு கதவு இருக்கவேண்டும். குசினிக்கு மேலே ஒரு தட்டுப் போட்டு மேல்வீடு கட்டுவதென்று மேசன் பாஸுக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. மாரி தொடங்குமுன் நிக்காஹ்.

மூன்றாம் கிழமை பதிவுத்தபால் வந்தது. றிஷானா வாசித்தாள்.

"வாப்பா, இதில காசு தாறதாக இல்ல. நீங்க குடுக்கோணுமாம். காட்சி அனுபவிப்பு வரி. வருசத்துக்குத் தொண்ணூற்று மூவாயிரம்."

"பிழையா வாசிக்கிறாய்."

"அதோட குசினிப் பக்கம் மேலயோ கீழயோ ஒண்டும் கட்டக்கூடாதாம். ஒப்பற்ற காட்சிக்குத் தடையாம். ஒப்பற்றது எண்டு நீங்கதானாம் சொன்னது."

சுபைதா அகப்பையைக் கீழே வைத்தாள். "நான் இருமினது கேக்கல்லியா ஒங்களுக்கு?"

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவர் அழகுக் கந்தோருக்குப் போனார். கட்டிடம் துறைமுகத்தைப் பார்த்தபடிதான் இருந்தது. ஆனால் பணிப்பாளரின் அறையில் கடல் பக்கத்து ஜன்னலை ஒரு இரும்பு அலுமாரி மறைத்திருந்தது. கணினித் திரையில் வெளிச்சம் அடிக்கிறதாம். சுவரில் பனிமலைப் படம் போட்ட கலண்டர் தொங்கியது.

"அபூதாஹிர் நானா, நாங்கள் வாங்க வரவில்லை" என்றார் பாக்கியரத்தினம். "நீங்கள் அனுபவிப்பதை மதிக்க வந்தோம்."

"நான் அனுபவிக்கல்லியே சேர். நான் கடையில. கடையில இருந்து பார்த்தா எதிர்க்கடை சீமெந்து மூடைதான் தெரியும்."

"அது உங்கள் அலட்சியம். அலட்சியத்துக்குத் தனி அறவீடு இருக்கிறது. நான் அதைப் போடவில்லை, கவனித்தீர்களா?" அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "பாருங்கள், அழகு என்பது தனியாட்களிடம் விட்டுவைக்கக்கூடிய பொருளில்லை. விட்டால் ஆளுக்கொரு மாதிரி ரசிப்பார்கள். ஒருவருக்குக் கடல், ஒருவருக்குக் கடலை மறைக்கிற மதில். பிறகு நாட்டில் எத்தனை அழகு இருக்கிறதென்று யார் கணக்கு வைப்பது? சபை வருமுன் இந்தத் துறைமுகம் சும்மா கிடந்தது. ஒருவரும் ஒரு சதம் கட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நட்டம்!"

"அப்ப பார்க்காட்டிக் கட்டத் தேவையில்லையா?"

பாக்கியரத்தினத்தின் முகம் மலர்ந்தது. யாரோ கடைசியில் விதிகளைப் பற்றிக் கேட்கிறார்கள்.

"பார்வை இரண்டு வகை. பயன் பார்வை, இன்பப் பார்வை. மழை வருகிறதா என்று உங்கள் மனைவி வானத்தைப் பார்க்கிறார். பயன் பார்வை, வரி இல்லை. மழை இல்லையென்று தெரிந்தபிறகும் ஒரு மூச்சுக்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இன்பப் பார்வை. ஒரு வருடம் வீட்டில் இன்பப் பார்வை நிகழவில்லை என்று நிரூபித்தால் வரியைப் பரிசீலிக்கலாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கடல் விலக்கப்பட்டது. சுபைதா தன் கலியாணச் சீலைகளில் ஒன்றை ஜன்னலுக்குத் திரையாகக் கட்டினாள். லோஜினி வந்து, தேசிய காட்சிவளத்தை மறைத்தல் என்று ஒரு குற்றத்தாளைக் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. மறைக்கவும் ஏலாது, பார்க்கவும் ஏலாது. இரண்டுக்கும் வேறவேற தாள்."

"அப்ப நான் எங்க பார்த்துச் சமைக்கிற?"

லோஜினி யோசித்தாள். "சுவரை."

தாயும் மகளும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சமைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் காகங்களுக்கு நல்ல காலம். ஜன்னல் விளிம்பில் வைத்த பாரை மீன் துண்டங்களை ஆறுதலாகத் தெரிவுசெய்து கொண்டுபோயின. திரும்பிப் பார்த்து விரட்டலாமென்றால், காகத்தைப் பார்ப்பது பயன் பார்வைதான், காகம் பறந்துபோகிற திசையில் கடல் இருந்தால் என்ன செய்வது என்று சுபைதாவுக்குப் பயம்.

அபூதாஹிர் வேறு வழி பார்த்தார். சாமான் நல்லது என்று சொல்லி விலை ஏறியது என்றால், சாமானைக் கெடுத்தால் இறங்கவேண்டும்தானே. கடையின் பின்பக்கத்தில் உக்கிக் கிடந்த வலைகள், ஓட்டை பிளாஸ்ரிக் தண்ணிப் பரல்கள், துருப்பிடித்த நங்கூரம் எல்லாவற்றையும் தட்டுவண்டியில் கொண்டுவந்து ஜன்னலுக்கு முன்னால் கொட்டினார். மேலே கொஞ்சம் மீன்குடலும் போட்டு, மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்.

பாக்கியரத்தினம் சட்டத்தைப் பிடித்தார். இரண்டு நிமிடம் காட்சி அமர்ந்தது. அவர் கண்ணில் ஈரம் தெரிந்தது. மீன்குடலால் என்றுதான் அபூதாஹிர் நினைத்தார்.

"மீனவ வாழ்வியல்! லோஜினி, போடுங்கள். இரண்டு இலட்சம்."

அபூதாஹிர் ஒரே பகலில் எல்லாவற்றையும் அள்ளி ஏற்றி வளவைக் கூட்டித் துடைத்தார். அடுத்த கிழமை அதற்கும் ஒரு கடிதம் வந்தது. சீர்செய்யப்பட்ட முன்றில். இன்னும் இரண்டு இலட்சம்.

கடல் இப்போது அறுபத்தாறு இலட்சத்தில் நின்றது. அதை விற்கவும் ஏலாது, மறைக்கவும் ஏலாது, பார்க்கவும் ஏலாது. அவர் வாழ்க்கையில் இப்படியொரு சரக்கு கையில் சிக்கியதில்லை.

அந்த நேரம் பார்த்து ஸஜ்ஜாதின் உம்மா லைலா கிண்ணியாவிலிருந்து வந்தாள். மேல்வீட்டைப் பார்க்க வந்தவளுக்குக் குசினிக் கூரையும், அதன்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு காகங்களும் காட்டப்பட்டன.

"வீடு எங்க மச்சான்?"

அபூதாஹிர் விளக்கினார். கடல், காட்சி, புள்ளி, வரி. லைலா கேட்டுக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

"கடல் வடிவுதான். நாங்களும் கிண்ணியாவில கடலோடதான் கிடக்கிறம். ஆனா ஒரு பொம்புளைக்கு வடிவு எண்டா என்ன தெரியுமா? உள்ளால பூட்டக்கூடிய கதவு. நாலு சுவர், ஒரு கதவு, ஒரு பூட்டு. அத விட வடிவான சாமான நான் இந்த உலகத்தில கண்டதில்ல. என்ட மகன் கடலுக்குள்ள வந்தா குடும்பம் நடத்துற?"

"ராத்தா, கொஞ்சம் பொறுத்தீங்களெண்டா…"

"மாரி துடங்க முதல் வீடு எழும்போணும் மச்சான். இல்லாட்டி வேற இடம் பாருங்க. நாங்களும் பார்க்கிறம்."

அவள் போனபிறகு றிஷானா பிங்கான் கழுவினாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் கழுவினாள். அந்த முதுகை அபூதாஹிர் பார்த்துக்கொண்டு நின்றார். தன் நாக்கு செய்த வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மேன்முறையீட்டுக்குத் திகதி போட்டார்கள். இந்த முறை அவர் முறையாகத் தயாரானார். விற்கிறவனாகப் பேசியதுதான் பிழை, இனி வாங்குகிறவனாகப் பேசவேண்டும். கரைவலைக்காரர் வலையில் குறை பிடிப்பதுபோல் கடலில் குறை பிடிக்கவேண்டும். குறை பிடிக்கச் சாமானைப் பார்க்கத்தான் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, குசினிக்குள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் மட்டும். பிறகு மூதூர் லோஞ்ச் வந்தது. வாடிக்கையாளர்கள் பொய் சொல்லவில்லை, வெள்ளைக் கோடு இருந்தது. அது மெல்ல மெல்ல அகன்று, இல்லாமலே போயிற்று. குன்றின் நிழல் தண்ணீருக்குள் நீண்டது. எங்கேயோ ஒரு கப்பலில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள், சின்னச் சின்னதாக. தண்ணீர் பொன்னாகவில்லை. பொன் என்பது கடைக்காரன் சொல். அது என்ன நிறம் என்று சொல்ல அவரிடம் சொல் இருக்கவில்லை. விலை இல்லாத ஒன்றுக்கு முன்னால் இவ்வளவு நேரம் சும்மா இருந்தது அவருக்கே புதிதாக இருந்தது.

"குறை எத்தனை பிடிச்சீங்க?" சுபைதா பின்னால் நின்று கேட்டாள்.

"நீ இத எத்தின வருசமாப் பார்க்கிறாய்?"

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து."

"எனக்குச் சொல்லல்லியே."

"நீங்க இதுக்கும் விலை கேப்பீங்க எண்டுதான்" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள். பொழுது பட்டு, பள்ளியில் மஃரிப் பாங்கு கேட்டது.

மேன்முறையீட்டுக் குழுவின் தலைவர் பாக்கியரத்தினமேதான். தன்னுடைய தீர்ப்பைத் தானே விசாரிப்பதால் நடுநிலை பிசகக்கூடாதென்று கதிரையை மட்டும் மேசையின் மற்றப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டிருந்தார். லோஜினி பலகைக் கணினியோடு ஓரத்தில் இருந்தாள்.

அபூதாஹிர் எழும்பி நின்று தொண்டையைச் செருமினார்.

"சேர், அந்தக் கடல் சரக்கு சரியில்ல. முதலாவது, நிறம் நிக்காது. காலையில ஒரு நீலம், பகல்ல ஒரு நீலம், பின்னேரம் வேற. சாயம் போற துணிய யாராவது வாங்குவாங்களா? ஓரமெல்லாம் நுரை, தையல் பிரிஞ்ச மாதிரி. அளவு சொல்ல ஏலாது, இண்டைக்கு இவ்வளவு கிடக்கும், நாளைக்கு இறங்கிப் போயிரும். ஒரு இடத்தில அடங்கிக் கிடக்காது. கப்பலும் அப்பிடித்தான், நல்ல கப்பல் ஒண்டு நிக்கிது எண்டு பார்த்தா விடிய அது இல்ல. குன்று ஒரு பக்கம் சரிவு. மான் எங்கட இல்ல, அது அரசாங்கத்து மான். நான் ஏமாந்திட்டன் சேர், இருபதுக்கு மேல பெறாது."

பாக்கியரத்தினம் மிகவும் கவனமாகக் கேட்டார்.

"நுட்பமான அவதானிப்பு. எப்போது பார்த்தீர்கள்?"

"வெள்ளிக்கிழமை சேர். அசருக்குப் பிறகு."

"எவ்வளவு நேரம்?"

"மஃரிப் பாங்கு சொல்லும் வரை" என்று சொன்ன பிறகுதான் அபூதாஹிருக்கு விளங்கியது. லோஜினியின் விரல் கணினிக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

"ஒரு மூச்சுக்கு மேல்" என்றார் பாக்கியரத்தினம், மிகவும் கனிவாக. "சரி, பரவாயில்லை. நான் கல்நெஞ்சன் இல்லை நானா. நீங்கள் தொழுகிற மனிதர். அல்லாஹ்வின் பெயரால் ஒரு சொல் சொல்லுங்கள், அந்தக் கடல் அழகில்லை என்று. இப்போதே வரியை நீக்கி, மேல்வீட்டுக்கு அனுமதியும் தருகிறேன்."

அபூதாஹிர் வாயைத் திறந்தார். மேல்வீடு அந்த வாய்க்குள் இருந்தது. லைலாவின் பூட்டும் றிஷானாவின் முதுகும் இருந்தன. முப்பது வருடத்தில் அந்த வாய் எத்தனையோ வலையை எத்தனையோ விதமாகச் சொல்லி விற்றிருக்கிறது. ஆனால் சத்தியம் செய்து அது ஒரு முழம்கூட விற்றதில்லை. வெள்ளைக் கோடு அகன்று அகன்று போனது ஞாபகம் வந்தது.

"அழகுதான் சேர்" என்றார். "நல்ல அழகு. ஆனா எனக்கு இப்ப அது தேவையில்ல. என்ட மகளுக்குச் சுவர் வேணும்."

பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லோஜினி, இதை ஆண்டறிக்கையில் போடவேண்டும். கடலுக்கு முன்னால் பிறந்து, கடலையே பார்க்காத ஒரு பிரசையைச் சபை ரசிக்க வைத்திருக்கிறது. வெறும் ஒரு வரியால்! கவிஞர்களால் முடிந்ததா? பள்ளிக்கூடங்களால் முடிந்ததா? மனிதன் எதையும் இலவசமாக ரசிக்கமாட்டான். இதை நான் கொழும்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!"

"சேர்" என்றாள் லோஜினி. "எங்கட விதியில, காணிச் சொந்தக்காரர் தன்ர செலவில பார்வை மாடம் கட்டலாமெண்டு இருக்கு."

"இருக்கிறதா?"

"இருக்கு சேர். கூரை, மூண்டு சுவர், கதவு, கழிப்பறை போடலாம். பராமரிக்கிற ஆக்கள் அதிலயே தங்கவும் வேணும்."

அபூதாஹிர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கணினியைப் பார்த்தாள்.

பாக்கியரத்தினத்துக்கு அந்த யோசனை பிடித்தது. உடனேயே அது அவருடையதாகவும் ஆகிவிட்டது. கடல் பக்கம் முழுக்கத் திறந்திருக்கவேண்டும். கல்லோ, பலகையோ, துணியோ போடக்கூடாது. காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலு வரை சபையின் அனுமதிச்சீட்டோடு வருகிறவர்கள் ஏறிப் பார்ப்பார்கள், சீட்டுக் காசு சபைக்கு. பராமரிப்பாளர்கள் புதிதாக மணமுடித்தவர்களாக இருந்தால் விசேடம். அது காட்சிக்கு ஒரு மென்மையைக் கொடுக்கும்.

மேசன் பாஸ் குசினிக்கு மேலே மூன்று சுவரை எழுப்பினார். நாலாவது எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவர் முன்பு அரசாங்கக் கட்டிடங்கள் கட்டினவர். தம்பிராசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நானா, நல்ல வீடு. ஆனா எனக்குச் சரியாத் தெரியேல்லை, கண்ணில வெள்ளை."

"அண்ணன், நீங்க அண்டைக்கே எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? பார்க்கிறனெண்டு ஒத்துக்கொண்டாத்தானே சொல்லலாம்."

லைலா வந்து படியேறினாள். கதவில் மூன்று பூட்டுப் போட்டிருந்தது. ஒவ்வொன்றையும் பூட்டிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு திரும்பினாள். எதிரே முழுத் துறைமுகமும் அறைக்குள் வந்து நின்றது. நங்கூரமிட்ட ஒரு கப்பலிலிருந்து யாரோ ஒருவன் அவளுக்குக் கையசைத்தான்.

"அல்லாஹ்வே" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டாள். "இந்தப் பக்கத்த எப்பிடி மச்சான் பூட்டுற?"

 றிஷானா திறந்த பக்கத்தின் ஓரத்தில் நின்றாள். பராமரிப்பாளருக்கு இன்பப் பார்வை இலவசம் என்பதால் கடலை நேராகவே பார்த்தாள், ஆனால் இன்பமாகப் பார்க்கவில்லை. சுபைதாதான் படியில் நின்று சொன்னாள்.

"கல்லு, பலகை, துணி கூடாது எண்டுதானே சொல்லியிரிக்கான். நீங்க என்ன கடை வெச்சிரிக்கீங்க?"

கடையிலிருந்து சின்னக் கண்ணி வலை வந்தது. ஒரு படை தொங்கவிட்டார்கள், கப்பல்காரன் தெரிந்தான். இரண்டாம் படை போட்டார்கள். ஏழாம் படைக்குக் கப்பல்காரன் மறைந்தான், கடல் ஒரு பச்சைப் புகையாகத் தெரிந்தது. லைலா வலையை இழுத்துப் பார்த்தாள்.

"பூட்டு இல்ல" என்றாள். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். "சரி. வெளியால தெரியல்ல. அது போதும்."

நிக்காஹ் முடிந்தது. வலீமா விருந்துச் சாப்பாட்டுக்குப் பாக்கியரத்தினமும் சட்டத்தோடு வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு மேலே ஏறினார்.  சட்டம் உயர்ந்தது, கண் மூடியது, கலியாண வீடே இரண்டு நிமிடம் மௌனமாக இருந்தது.

"வலைத்திரை" என்றார். "மரபுசார் அலங்காரம். என்ன ரசனை நானா! நீங்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள்! அகற்றவே கூடாது. மூன்று இலட்சம் கூட்டுங்கள் லோஜினி."

மாரி முதல் மழையோடு அடுத்த கிழமையே வந்தது. காற்று ஏழு படையையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பாயை நனைத்தது. ஸஜ்ஜாத் கட்டிலைப் பின்சுவரோடு ஒட்டி இழுத்துப் போட்டான். காலை ஒன்பது மணிக்குக் கதவில் தட்டிச் சீட்டோடு நின்ற ஒரு குடும்பத்துக்கு றிஷானா ஈரத் தலையோடு திறந்துவிட்டாள். அவர்கள் வலையை விலக்கிக் கடலைப் பார்த்தார்கள், பிறகு றிஷானாவைப் பார்த்தார்கள், இரண்டும் நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று அபூதாஹிர் கடையில் உட்கார்ந்து ஒரு வலைக் கட்டின் அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.

வரவு: மருமகன் ஒருவர், நல்லவர். மேல்வீடு ஒன்று. கடல் ஒன்று, கேட்காமல் வந்தது.

பற்று: காட்சி வரி, அறுபத்தொன்பது இலட்சத்துக்கு, வருடம் ஒரு இலட்சத்து மூவாயிரத்து ஐந்நூறு. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஒன்று, இன்பப் பார்வைக் கட்டணம் எழுநூற்றைம்பது. அது அவ்வளவு பெறும். வலை ஏழு படை, கொள்விலைக்கு. காகம் கொண்டுபோன பாரை, எழுதவில்லை.

நிலுவை: சுவர் ஒன்று. அழகுக் கந்தோர் தரவேண்டும்.

வராக் கடனை வெட்டிவிடுவது அவருடைய வழக்கம். பேனையை எடுத்தார், அந்த வரிக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார், வெட்டாமல் வைத்தார்.